மூன்று பேர் நிலத்தில் ஒரு தள்ளுவண்டி

அன்றைக்கு அங்கே நின்றவர்கள் இவர்கள். நேஷனல் ஹைவே ஆபீஸ் இன்ஜினியர். மாநில நெடுஞ்சாலைத் துறை சாலை ஆய்வாளர், கையில் குடை. பஞ்சாயத்து கிளார்க். தாலுகா ஆபீஸ் சர்வேயர். அவருக்குச் சங்கிலி பிடிக்க ஒரு ஆள். எங்கள் கம்பெனி ஹெச்.ஆர். பொண்ணு. ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்ற நான். முனியப்பன். எங்களோடு வேலை செய்கிற இன்னும் சில பேர். அப்புறம் இட்லிக்கடை அக்கா.

அக்கா இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே எல்லாரையும் ஒரு சுற்று பார்த்துச்சு. என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டுச்சு.

"மூணு பேருமே வந்துட்டாங்க. இப்ப எந்தப் பக்கம் தள்றது?"

எனக்கும் தெரியவில்லை.

அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற பெரிய ரோடு. அது டெல்லிக்காரர்களுடையது. சானமாவு காடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அதிலிருந்து ஒரு ரோடு பிரியும். அது மாநிலத்து ரோடு. இரண்டும் பிரிகிற மூலையில் ஊருக்குள் போகிற ஒரு சிமெண்ட் ரோடு வந்து முட்டும். அது பஞ்சாயத்து. அந்த மூலையில்தான் எங்கள் கம்பெனி பஸ் நிற்கும். அங்கேதான் அக்கா வண்டி. காலையில் இட்லி, மதியம் தக்காளி சாதம்.

அக்கா மூன்று பேருக்கும் பேர் வைத்திருந்தது. நேஷனல் ஹைவே பெரியவர். மாநிலம் நடுவுலவர். பஞ்சாயத்து சின்னவர். பாகம் பிரித்த அண்ணன் தம்பி மூன்று பேர், வீடு ஒன்று, வாசல் வேறு வேறு. அப்படித்தான் அது நினைத்தது.

பெரியவர் ஜீப் வந்தால் வண்டியை நடுவுலவர் ரோட்டோரம் தள்ளணும். நடுவுலவர் ஆள் வந்தால் சின்னவர் பக்கம். கிளார்க் வந்தால் திரும்பப் பெரியவர் பக்கம். எல்லாம் கூப்பிடு தூரம்கூட இல்லை. ஒரு வண்டி நீளம், இரண்டு வண்டி நீளம். ஆனால் வந்தவருக்கு அது போதும். அவர் இடத்தில் வண்டி இல்லை. அவர் ஆபீசுக்கு அப்படி எழுதிக்கொள்வார். போய்விடுவார்.

தள்ளுவது எங்கள் வேலை. யாரும் சொல்லி வைத்ததில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் தட்டை வண்டிமேல் வைத்துவிட்டுக் கை கொடுப்போம். அக்கா அடுப்பை மட்டும் பிடித்துக்கொள்ளும். சாம்பார் அலம்பாது. நகர்ந்த இடத்தில் நின்று மிச்ச இட்லியைச் சாப்பிடுவோம். புதிதாகச் சேர்ந்த வடக்கத்திப் பையன்கள்கூட இரண்டு நாளில் பழகிவிட்டார்கள். ஜீப் ஹாரன் கேட்டாலே தட்டைக் கீழே வைப்பார்கள்.

ஜீப் வந்ததும் அக்கா முதலில் கேட்பது ஒன்றுதான். "யாரு வந்திருக்கறது?" என்ன சொல்கிறார்கள் என்று கேட்காது. யார் என்றுதான் கேட்கும்.

சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. கிளார்க்கிடம் தெலுங்கு பேசும். சாலை ஆய்வாளரிடம் தமிழ். பெரியவர் ஆட்களிடம் கன்னடம். அவர்களுக்கு இந்திதான் தெரியும். அதனால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

முனியப்பன் ஒரு முறை சீண்டினான்.

"எக்கா, நீ ஒரு இடத்துல நின்னு எதுத்துப் பேசு. நாங்க இருக்கறோம் பின்னால."

"நீ இருப்ப. உன் பஸ்ஸு வந்தா?"

"பஸ்ஸ விட்டுருவோம்."

"விட்டுட்டு நாளைக்கு எம் முன்னால வந்து நிப்ப, ஆப்சென்ட் போட்டுட்டான்னு. தள்ளுடா சாமி."

யானைக் கூட்டம் வந்த நாள் ஒன்று உண்டு. சானமாவு காட்டிலிருந்து இறங்கி, பெரிய ரோட்டைத் தாண்டி, மாநிலத்து ரோட்டைத் தாண்டி, ஊர்க்காட்டு ராகிக்குள் போச்சு. வனத்துறை ஆள் ஓடிவந்து, கடையை மூடு, ஓரமாகப் போ என்றார். அக்கா வழக்கம்போலக் கேட்டுச்சு, இவர் யார் என்று. ஃபாரஸ்ட் என்றோம். "இவருக்கு இங்க பாகம் இல்லியே" என்றுச்சு. வண்டியை எந்தப் பக்கமும் தள்ளவில்லை. அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு எங்களோடு பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்துச்சு. யானைகள் போனபிறகு இறங்கிச்சு. "அதுங்க மட்டும் மூணு பேர் இடத்தையும் மிதிச்சிக்கினு போவுது. ஒருத்தனும் நோட்டீஸ் குடுக்கல" என்றுச்சு. சிரிக்கவில்லை.

நாங்கள் இல்லாத நேரம்தான் அக்காவுக்குக் கஷ்டம். காலை பஸ் போனால் மதியம் பஸ்ஸுக்குத்தான் ஆள் வரும். நடுவில் யாரும் இல்லை. முட்டி வீங்கியிருந்தது. ஒரு நாள் அந்த நேரத்தில் பெரியவர் ஜீப் வந்திருக்கிறது. அக்கா ஒண்டியாகத் தள்ளியிருக்கிறது. சாம்பார் குண்டான் சாய்ந்து பாதத்தில் கொட்டிவிட்டது. மதியம் நாங்கள் போனபோது காலில் துணி சுற்றிக்கொண்டு சோறு போட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போ என்றோம். "கடைய யாருகிட்ட விட்டுட்டுப் போறது? மூணு பேரு கிட்டயுமா?" என்றுச்சு. நாங்களும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

அதற்குப் பிறகு ஜீப் சத்தம் கேட்டால் அக்கா முதலில் காலைப் பார்க்கும்.

அளக்க வந்ததற்குக் காரணம் அக்கா இல்லை. சாக்கடை. அந்த மூலையில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். முழங்கால் வரை நிற்கும். ஒரு நாள் கம்பெனி பஸ் அதில் இறங்கி ஏற முடியாமல் நின்றுவிட்டது. ஷிப்ட் தாமதம். கம்பெனி மூன்று ஆபீசுக்கும் எழுதியது. பெரியவர், அது மாநிலத்துச் சாக்கடை என்றார். நடுவுலவர், அது பஞ்சாயத்துச் சாக்கடை என்றார். கிளார்க், ஹைவே போட்டபோது அடைத்தது அவர்கள், அவர்கள்தான் எடுக்கணும் என்றார்.

அக்கா வண்டி நின்ற மண்ணை மூன்று பேரும் என்னுது என்றார்கள். பக்கத்தில் இருந்த சாக்கடையை மூன்று பேரும் என்னுது இல்லை என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் அமெரிக்காக்காரர் வந்தார். கம்பெனியின் பெரிய ஆபீஸ் அங்கே. வருசத்துக்கு ஒரு தடவை யாராவது வருவார்கள். இவர் பஸ் ஏன் லேட் என்று நேரிலேயே பார்க்கணும் என்று சொன்னாராம். ஹெச்.ஆர். பொண்ணு கூட்டிவந்தது. உயரமான ஆள். வெயிலில் மூஞ்சி சிவந்துவிட்டது. தண்ணீர் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். இட்லி கேட்டார். நின்றபடியே கையால் சாப்பிட்டார். பொடி இன்னொரு தரம் வாங்கிக்கொண்டார்.

அவர் சாப்பிடும்போதே நடுவுலவர் ஜீப் வந்தது. நாங்கள் தட்டை வைத்துவிட்டுத் தள்ளினோம். அவர் கையில் தட்டோடு வண்டி பின்னாலேயே நடந்து வந்தார். ஜீப் போனதும் என்ன இது என்று கேட்டார். ஹெச்.ஆர். பொண்ணு சொல்லிச்சு. அவர் சிரித்தார். பிறகு நிறையப் பேசினார். பொண்ணு தமிழில் சொல்லிச்சு.

"எங்க ஊர்லயும் இதேதான்னு சொல்றாரு அக்கா. நாட்டுக்கு ஒரு கவர்மெண்ட். ஸ்டேட்டுக்கு ஒண்ணு. அதுக்குக் கீழ ஜில்லா மாதிரி ஒண்ணு. டவுனுக்கு ஒண்ணு."

"நாலு பேரா?" என்றுச்சு அக்கா.

"ஜில்லா போலீசுத் தலைவரக்கூட நிறைய இடத்துல ஓட்டுப் போட்டுத்தான் வைக்கிறாங்களாம்."

முனியப்பன் விடவில்லை. "போலீசுக்கு ஓட்டா? அப்ப நம்ம ஸ்டேசன் ஐயா கும்பிட்டுக்கினு வீட்டுக்கு வருவாரா? நான் அங்கியே போயிடறேன்."

அக்கா அவன் பக்கம் திரும்பவில்லை. "பெரியவரு சொன்னா மத்தவங்க கேக்கணுமான்னு கேளு பாப்பா" என்றுச்சு.

பொண்ணு கேட்டுச் சொல்லிச்சு. "சிலதுல பெரியவர் பேச்சுதானாம். பட்டாளம், ரூபா அடிக்கிறது, வெளிநாட்டுச் சங்கதி. பள்ளிக்கூடம், கல்யாணம் பதியறது இதெல்லாம் ஸ்டேட்டும் ஊரும் பாத்துக்குமாம். வரி, ரோடு, இதுல ரெண்டு பேருமே கை வைப்பாங்களாம்."

"சண்டை வந்தா?"

"கோர்ட்டுக்குப் போவாங்களாம்."

"நம்ம மாதிரிதான்."

அவருடைய தம்பி அங்கே வேனில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாராம். நிற்கிற இடத்துக்கு டவுன் அனுமதி. சமையலைப் பார்க்க ஜில்லா ஆள். வேன் நம்பருக்கு ஸ்டேட். வருமான வரிக்குப் பெரியவர். நாலும் வாங்கித்தான் நிற்கிறாராம். அக்கா கரண்டியைக் குண்டானில் விட்டுவிட்டுக் கேட்டுச்சு.

"அப்ப அவரு நகத்தறதே இல்லியா?"

"வேனுதானே அக்கா, வேணும்னா நகத்திக்குவாரு. யாரும் துரத்த மாட்டாங்க."

அக்கா குண்டானிலிருந்து கரண்டியை எடுத்துச்சு. பிறகு, "யாருக்கும் எழுதிக் குடுக்காம விட்டது இருந்தா, அது யாருக்குப் போவும்?" என்றுச்சு.

பொண்ணு கேட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார். "பெரியவருக்குன்னு எழுதாதது ஸ்டேட்டுக்கு, இல்லன்னா ஜனங்களுக்குன்னு அவங்க சட்டத்துலயே இருக்காம் அக்கா."

"ஜனங்களுக்கா?"

"ஆமாம்."

நடுவில் ஸ்டேட் என்று ஒரு சொல் இருந்தது. அக்கா அதை எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் இருந்ததை எடுத்துக்கொண்டது.

பிறகு அளக்கிற நாள். முதலில் சொன்னேனே, அந்த நாள். சர்வேயர் வரைபடத்தை அக்கா வண்டி மேல்தான் விரித்தார். காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒரு முனையில் சட்னிக் கிண்ணத்தை வைத்தார். ஓசூர்ப் பக்கமிருந்து பெரியவர் கோடு வந்தது. நடுவுலவர் கோடு வளைந்து வந்தது. சின்னவர் கோடு ஊரிலிருந்து வந்தது. சங்கிலி பிடித்த ஆள் சாக்கடைக்குள் இறங்கி ஏறினான். சாக்கடை பாதி மாநிலத்துக்கு, பாதி பஞ்சாயத்துக்கு என்று முடிந்தது. சாலை ஆய்வாளரும் கிளார்க்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்போது சர்வேயர் வரைபடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு சொன்னார். "இங்க ஒரு துண்டு விட்டுப் போயிருக்கு. மூணு கோடும் இதத் தொடல."

இன்ஜினியர், எங்களுடையது இல்லை என்றார். சாலை ஆய்வாளரும் அதையே சொன்னார். கிளார்க்கும் சொன்னார். பக்கத்தில் சாக்கடை. யாருக்கும் அந்தத் துண்டு வேண்டாம்.

"யாருக்கும் எழுதலையா சார்?" என்று அக்கா கேட்டுச்சு.

"இந்த மூணு பேருக்கும் இல்லம்மா."

அவர் மூணு பேருக்கும் என்றார். அக்கா யாருக்கும் என்று கேட்டுக்கொண்டது. சர்வேயர் வரைபடத்தைச் சுருட்டினார். எல்லாரும் ஜீப் ஏறினார்கள். அக்கா எங்களைக் கூப்பிட்டுச்சு. வண்டியை அந்தத் துண்டில் கொண்டுபோய் நிறுத்தினோம். சரியாகப் பொருந்தியது.

இரண்டு நாள் கழித்துப் போனால் வண்டிக்குச் சக்கரம் இல்லை. நாலு மூலைக்கும் ஹாலோ பிளாக் கல் வைத்து வண்டி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. மேலே புதுத் தகரம். முன்னால் ஒரு பெஞ்சு.

முனியப்பன்தான் கேட்டான். "எக்கா, சக்கரம் எங்க?"

"பழைய இரும்புக்குப் போட்டுட்டன்."

"ஐயோ. ஏன்?"

"இனிமே என்னாத்துக்கு? இது ஜனங்க எடம்டா. உக்காந்து சாப்புடு."

முனியப்பன் உட்காரவில்லை. நின்றே பழகிவிட்டது. நான் உட்கார்ந்தேன். அக்காவும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இட்லி ஊற்றிச்சு. அது உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். பெரியவர் ஜீப் போச்சு. நிற்கவில்லை. நடுவுலவர் ஆள் பைக்கில் போனார். தலையை மட்டும் ஆட்டினார். அக்கா அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் அப்படிப் போச்சு. மூன்று பேரும் வரவில்லை. வந்தவர் வேறு. கிராம நிர்வாக அலுவலர், வி.ஏ.ஓ. கூடவே தலையாரி. சர்வேயர் எழுதின தாள் தாலுகா ஆபீஸ் போய், அங்கிருந்து அவரிடம் வந்திருக்கிறது.

"இந்த எடத்துல கடை வைக்கக் கூடாதும்மா. இது கவர்மெண்ட் புறம்போக்கு."

"எந்தக் கவர்மெண்ட்டு சார்? பெரியவரா, நடுவுலவரா?"

அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். "மாநில அரசு" என்றார்.

"நடுவுலவரு எங்களுது இல்லன்னு போயிட்டாரே."

"அவரு ரோடும்மா. நாங்க ரெவின்யூ. யாருக்கும் இல்லாத நெலம் எங்களுக்கு."

"யாருக்கும் எழுதாதது ஜனங்களுக்கு சார்."

"யாரு சொன்னது?"

"அமெரிக்காக்காரரு."

தலையாரி சிரித்துவிட்டார். வி.ஏ.ஓ. சிரிக்கவில்லை. நோட்டீசைத் தகரத்தில் ஒட்டச் சொன்னார்.

அடுத்த நாள் ஹெச்.ஆர். பொண்ணு பஸ்ஸில் வந்தது. அக்கா அதை இறங்கச் சொல்லிக் கேட்டுச்சு.

"பாப்பா, நீதான சொன்ன? எழுதாதது ஜனங்களுக்குன்னு."

"அது அவங்க நாட்டுச் சட்டம் அக்கா. அவர் சொன்னத நான் சொன்னேன். அதுவும் கவர்மெண்டுக்கு என்ன அதிகாரம்னுதான். நெலத்துக்கு இல்ல."

"நம்ம சட்டத்துல எப்பிடி?"

"நம்ம சட்டத்துல எழுதாம விட்ட அதிகாரம் பெரியவருக்குப் போவும்னு படிச்சிருக்கேன். நெலம்னா ரெவின்யூவுக்கு."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க அவர் ஊரப் பத்தித்தான் கேட்டீங்க அக்கா."

அக்கா தலையாட்டிச்சு. கோபம் இல்லை. ஒரு பொட்டலம் இட்லி கட்டிப் பொண்ணு கையில் கொடுத்துச்சு. பொண்ணு வாங்கமாட்டேன் என்றது. பிறகு வாங்கிக்கொண்டது.

ஜேசிபி வந்த அன்று எனக்கு இரண்டாம் ஷிப்ட். மதியம் பஸ்ஸுக்கு நின்றோம். தக்காளி சாதம் பாதி குண்டான் இருந்தது. வி.ஏ.ஓ. வந்தார், தலையாரி வந்தார், இரண்டு போலீஸ். ஜேசிபி ஓட்டுகிறவன் அக்கா கடையில் சாப்பிடுகிறவன்தான். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றான்.

"அண்ணா, வண்டிய நகத்திருங்க. நான் பக்கெட்ட வெச்சா தகரம் தாங்காது."

"சக்கரம் இல்லப்பா."

"அப்பத் தூக்குங்க."

முனியப்பன் அக்காவிடம் போனான். "எந்தப் பக்கம்கா?"

அக்கா பெரிய ரோட்டைப் பார்த்துச்சு. மாநிலத்து ரோட்டைப் பார்த்துச்சு. ஊர் ரோட்டைப் பார்த்துச்சு. எப்போதும் கேட்டு முடிக்கிறதுக்குள் பதில் வந்துவிடும். அன்று வரவில்லை. சக்கரம் இல்லாத வண்டியை எந்தப் பக்கம் வைத்தாலும் அடுத்த ஜீப் வரும்வரைதான். அது அக்காவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி ஏற்றப் போகிற குட்டியானை லாரி ஒன்று சாப்பிட நின்றிருந்தது. டிரைவர் கை கழுவாமலே பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டான். அடுப்பை அணைத்தோம். குண்டானை இறக்கினோம். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். கனமாக இருந்தது. கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. யாரும் திரும்பவில்லை. பஸ் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து ஒரு மூலையைப் பிடித்தார். தலையாரி வி.ஏ.ஓ.வைப் பார்த்தார். அவர் போன் பேசிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தலையாரியும் கை வைத்தார். ஏற்றிவிட்டோம்.

அக்கா டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, சாதக் குண்டானை மடியில் வைத்துக்கொண்டது.

"எங்கக்கா எறக்கறது?" என்றான் டிரைவர்.

"மொதல்ல கெளப்பு" என்றுச்சு.

ஷிப்டுக்கு லேட்டாகப் போனோம். ஹெச்.ஆர். பொண்ணு யாருக்கும் ஆப்சென்ட் போடவில்லை.

அதன்பிறகு அக்காவை நான் பார்க்கவில்லை. முனியப்பன் போச்சம்பள்ளியில் வேறு கம்பெனிக்குப் போனான். ஒரு கம்பெனி கேட் முன்னால் பார்த்தேன் என்றான். வண்டிக்குச் சக்கரம் இருந்ததா என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றான். பேசினியா என்றேன். பஸ்ஸில் இருந்தேன் என்றான்.

அந்த மூலையில் மழைக்கு இப்பவும் தண்ணீர் நிற்கிறது. பாதி மாநிலம், பாதி பஞ்சாயத்து. அந்தத் துண்டில் வருவாய்த்துறை ஒரு போர்டு நட்டிருக்கிறது. இந்த இடம் அரசுக்குச் சொந்தமானது, அத்துமீறி நுழைபவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதியிருக்கிறது. கீழே பரப்பளவு போட்டிருக்கிறது.

ஏழு சதுர மீட்டர்.